ரோலரில் துணி பிழிந்த மழைக்காலம்

ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு ரோலர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் நம்மோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்களில் சிலரை வயல்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சிலர் ஊரை விட்டே போனார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டு இரும்பு உருளை. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். பக்கத்தில் பல்சக்கரம், ஒரு கைப்பிடி. மேலே இறுக்கவும் தளர்த்தவும் திருகு. ஆசிட் விட்டு உறைய வைத்த ரப்பர் பாலை நடுவில் கொடுத்துச் சுற்றினால் தண்ணீர் பிழிந்துபோய் ஷீட் வெளியே வரும். மெஷின் இரண்டு வேண்டும். ஒன்று வழவழப்பு ரோலர், ஷீட்டை மெலிசாக்க. மற்றது வரி ரோலர். அதன் உருளையில் குறுக்கும் மறுக்கும் வரி வெட்டியிருக்கும். கடைசியில் ஒருமுறை அதில் ஓட்டினால் அந்த வரி ஷீட்டில் விழும். புகையில் சீக்கிரம் உலர அந்த வரி வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. வீட்டின் பின்சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில், மண்ணில் புதைத்த தடியின்மேல் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார் அப்பா. பழையதாகத்தான் வாங்கினார். ஆனாலும் வீட்டில் இருந்த சாமான்களில் பெரிய சாமான் அதுதான். சொந்த மரம் கொஞ்சம்தான் எங்களுக்கு. மீதி பாட்டத்துக்கு, குத்தகையாக எடுத்தது. வெட்டாமல் போட்டால் மரத்துக்காரர் வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார். அப்படித்தான் பேச்சு.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தால் பால்வெட்டு நிற்கும். பட்டை நனைந்திருந்தால் பால் மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் விழாது, மரம் முழுக்கப் பரந்து ஓடும். இப்போது மரத்துக்குப் பிளாஸ்டிக்கில் பாவாடை கட்டி மழையிலும் வெட்டுகிறார்கள். அன்றைக்கு அது கிடையாது. மழை விடும்வரை மெஷின் சும்மா கிடக்கும்.

ஓடுகிற ரோலருக்கு ஒன்றும் வராது, கிடந்தால்தான் துரு என்பார் அப்பா. அதனால் மழைக்கு மெஷினை ஒதுக்குவது அவருக்கு ஒரு முழுநாள் வேலை. உருளையில் ஒட்டிக் காய்ந்த ரப்பரை விரலால் உருட்டி உருட்டி எடுப்பார். ஆசிட்டின் புளித்த வாடை போகும்வரை கழுவுவார். பிறகு சட்டியில் சிரட்டைக் கனல் போட்டு உருளைக்குக் கீழே வைப்பார். இரும்பு இளஞ்சூடாகும். புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரம் போனது என்று தெரிந்தபிறகு புன்னைக்காய் எண்ணெய். தேங்காயெண்ணெய் போட்டால் எறும்பு வரும். பல்சக்கரத்துக்கு மட்டும் லாரி ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிய கரி ஆயில். அது உருளையில் பட்டால் பிறகு அடிக்கிற ஷீட் பிசுபிசுக்கும் என்று அதற்குத் தனித் துணி வைத்திருந்தார். திருகைத் தளர்த்தி உருளை இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் விடுவார். ஆசிட் குப்பியைத் தூரத்தில், கோழிக்கூட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றுவார். மேலே ஓலைப்பாய் போடுவார். போடுவாரே தவிரக் கட்டமாட்டார். கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

அதற்குப் பிறகு ஒரே வேலைதான் பாக்கி. தினமும் சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சநேரம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் எண்ணெய் கீழ்ப்பக்கமே வடிந்து நிற்கும், அச்சும் இறுகும். அந்த வேலை எனக்கு.

அந்த வருஷம் அப்பா மெஷினை ஒதுக்கி முடித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், ஆட்டுக்கு இலைக்குழை வெட்டப் பிலாமரத்தில் ஏறினார். மழை தூறியிருந்தது. கையில் எண்ணெய் இருந்தது. விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஆடு கத்தியதுதான் பெரிதாகக் கேட்டது.

இடது தொடை எலும்பு போயிற்று.

எலும்பு பார்க்கிற ஆசான் வந்தார். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எண்ணெயும் இலையும் முட்டை வெள்ளையும் சேர்ந்து ஒரு வாடை. அந்த வாடை வீட்டை விட்டுப் போக வெகுநாளாயிற்று. காலை அனக்கக்கூடாது, அசையாமல் கிடக்கணும், நான் சொல்லும்போது எழும்பி உட்கார்ந்து இருக்கப் பழகணும் என்றார். அதற்காக உத்தரத்தில் ஒரு கயிறு கட்டிக் கட்டிலுக்கு நேரே தொங்கவிட்டார். நேரம் வரும்போது அதைப் பிடித்து எழும்பணும். எழும்பினால் இருக்கலாம், இருந்தால் நிற்கலாம், நின்றால் மழை விடுவதற்குள் மரத்தடிக்குப் போகலாம். ஆசான் அவ்வளவுதான் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அப்பா படுத்திருந்த அறைக்கும் சாய்ப்புக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். நான் ரோலர் சுற்றுவது அவருக்கு அப்படியே கேட்கும். வழவழப்பு ரோலரின் சத்தம் கனமாக இருக்கும். வரி ரோலர் கொஞ்சம் நறநறக்கும். நான் விளையாட்டு நினைப்பில் அரைகுறையாகச் சுற்றிவிட்டுப் போனால் உள்ளேயிருந்து குரல் வரும்.

"மக்கா, பாதியில நிக்குது."

திரும்ப வந்து சுற்றுவேன். முடித்தால் உள்ளே கயிறு இறுகும், உத்தரம் முனகும். ஆசான் இருக்கச் சொல்லும் முன்னாலேயே அப்பா கையை மட்டும் கயிற்றில் போட்டு இழுத்துப் பழகினார். முதலில் ரோலர், பிறகு உத்தரம். தினமும் அந்த வரிசைதான்.

அம்மா அப்போது மாசமாக இருந்தாள். குனிய முடியாது. அதனால் வயல்காட்டு ஊரான கொட்டாரத்திலிருந்து மாமி வந்தாள். மாமி அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. அவள் வீட்டுக்காரர் கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நெல்லும் கடையும்தான் அவளுக்குத் தெரியும். ரப்பர் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்லை. ஒரு தலையணையும் ஒரு சாக்கு நெல்லுக்குத்தரிசியும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். முற்றத்தில் நின்று மூக்கைப் பொத்தினாள்.

"இது வீடா, எலி செத்த கிடங்கா?" என்றாள்.

ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் மிச்சமிருந்த, மரத்திலேயே உறைந்து உரித்தெடுத்த ஒட்டுபாலின் நாற்றம் அது. எங்களுக்கு அது நாற்றமே இல்லை.

மாமி வந்த அந்த வாரம் இரண்டு காரியம் ஒரே நாளில் நடந்தது.

காலையில் மரத்துக்காரரின் காரியஸ்தர் வந்தார். குடையை மடக்காமல் முற்றத்தில் நின்றபடியே சத்தமாகப் பேசுவது அவர் வழக்கம். ஆள் எழும்புவானா, இல்லை மரத்தை மாற்றி விடவா என்று கேட்டார். பிறகு, "அந்த ரோலரு என்ன செய்யப் போறிய? கேக்க ஆளு உண்டு" என்றார்.

மாமி அவர் கையைப் பிடிக்காத குறையாக ரோட்டுப் பக்கத்து நடைவரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். படுத்துக் கிடக்கிறவன் காதில் விழ வேண்டாம் என்று. நானும் பின்னால் போனேன்.

"ஆளும் எழும்பும், மரமும் வேணும். மெஷினு இஞ்சதான் கெடக்கும். கேட்ட ஆளுட்ட போய் சொல்லும்," என்றாள்.

கேள்வி அப்பாவுக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் ரோலரைச் சுற்றப் போனேன். மாமி பின்னாலேயே வந்தாள்.

"ஏட்டி, உள்ள ஒண்ணும் வைக்காம என்னத்துக்கு சுத்துதே?"

சும்மா சுத்தணும், அப்பா சொன்னது என்றேன்.

மாமி கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வயித்துல பிள்ளையோட ஒருத்தி இருக்குத வீட்டுல வெறும் மெஷின சுத்தப்பிடாது. வெறும் தொட்டில ஆட்டுவாளா? வெறும் உரலுல ஒலக்க போடுவாளா? இதும் அதுதான்."

முந்தின வருஷம் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து அழாமலே போயிருந்தது. அதற்கு முன்னாலேயே தொட்டில் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் அதை ஆட்டி விளையாடியிருக்கிறோம். மாமி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டில் என்று சொன்னபோது வேறு பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொல்லாதே என்றாள். போன வருஷத்துப் பேச்சு அவன் காதில் விழவேண்டாம். அம்மாவிடம் அவளே வேறு மாதிரி சொன்னாள். மெஷின் சத்தம் அவனுக்குத் தலைக்கு ஏறுது, அதனால நிறுத்தியிருக்கு என்று. அம்மா நம்பினாள். மாமி சொல்லாதே என்றதால் நான் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆளல்ல அவர்.

அவர் என்ன நினைத்தார் என்பது நான் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஒரு நாள் அவரோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தெரிந்தது. எதற்கோ பேச்சு வந்து சொன்னார்.

"சத்தம் நின்னப்போ மெஷின வித்தாச்சுன்னு நெனச்சேன். மெஷினு போனா பின்ன எழும்பி என்னத்துக்கு."

பஸ் வந்தது. ஏறினோம்.

மெஷின் நின்ற நாளிலிருந்து கயிறும் நின்றது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சியைப் பாதியில் வைத்தார். கயிறு அதுபாட்டுக்குத் தொங்கியது. அதில் ஒரு பல்லி ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

வலி என்று மாமி நினைத்தாள். கவலை என்று அம்மா நினைத்தாள். மடி, வெறும் சோம்பல் என்று ஆசான் நினைத்தார்.

மழையும் விடவில்லை. கீரிப்பாறை மலை இருக்கிற பக்கமே தெரியவில்லை. வீட்டுக்குள் எல்லாம் பூஞ்சை பூத்தது. செருப்பு பூத்தது, பாய் பூத்தது, வேதப்புத்தகத்தின் அட்டை பூத்தது. தீப்பெட்டியை அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் உரசும்.

வாரம் ஒருநாள் உபதேசியார் ஜெபிக்க வருவார். எங்கள் சபையில் எல்லாரையும்விட நீளமான ஜெபம் அவருடையதுதான். முடித்ததும் மாமி காப்பி கொடுத்தாள். வெறும் மெஷினைச் சுற்றினால் மாசமானவளுக்கு ஆகாது என்கிறார்களே, உள்ளதா என்று மெல்லக் கேட்டாள். விசுவாசிகள் அப்படிப்பட்டதை எல்லாம் மனதில் வைக்கக்கூடாது என்றார் அவர்.

"அப்பம் உபதேசியாரு வீட்டுல வெறும் தொட்டில ஆட்டுவியளா?"

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காப்பியைக் குடித்தார்.

"ஆட்ட வேண்டிய அவசியம் வந்ததில்ல," என்றார்.

மாமி அந்தப் பேச்சை அதோடு விட்டாள்.

பிறகு ஆசான் வந்தார். கட்டைப் பிரித்தார். தொடையை அமுக்கிப் பார்த்தார், காலைப் பிடித்து மடக்கி நீட்டினார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஆசான் வெளியே வந்து கை கழுவும்போது மாமியிடம் சொன்னார்.

"எலும்பு கூடியாச்சு. இனி ஆளு கூடணும்."

கயிறு ஏன் புதுசாகவே இருக்கிறது என்றும் கேட்டார். காரியஸ்தர் இன்னொரு முறை வந்து போயிருந்தார். இந்தத் தடவை முற்றத்தில் நிற்கவில்லை, ரோட்டில் நின்றே பார்த்துவிட்டுப் போனார். அது மோசம். இன்னொருவனோடு பேசி முடித்துவிட்டார் என்றும் ஒரு பேச்சு வந்தது.

மாமி அழவில்லை. துணி துவைக்கப் போனாள்.

படுத்திருக்கிற ஆளுக்குத் துணி நிறைய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் வேர்வையுமாக வேட்டி, விரிப்பு, தலையணை உறை. துவைத்துப் போட்டால் அப்படியே ஈரமாகத் தொங்கும். அடுப்புக்கு மேலே கொடி கட்டினாள். சோற்றில் சொட்டியது. புகைப்புரையில் போட்டுத் தீ வைத்தாள். அந்த வாடைக்கு அம்மா வாந்தி எடுத்தாள். கையால் முறுக்கி முறுக்கி மாமியின் மணிக்கட்டு வீங்கியது. அப்படி ஒரு நாள், பிழிந்த வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சாய்ப்பில் நின்றவள், ஓலைப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

ரப்பரில் தண்ணீர் பிழிகிற மெஷின் துணியில் பிழியாதா என்று என்னிடம் கேட்டாள். நான் தெரியாது என்றேன்.

"வெறுசா சுத்தினாத்தான் தோஷம். உள்ள துணி இருக்கும்லா," என்றாள். எனக்குச் சொன்னதா அவளுக்கே சொன்னதா தெரியவில்லை.

உருளையைத் தொட்டாள். விரலில் எண்ணெய் வந்தது. போய் அடுப்புச் சாம்பலும் தேங்காய் மட்டைத் தொண்டும் எடுத்து வந்தாள். அப்பா தடவிய எண்ணெய் அது, போக்க வேண்டாம் என்றேன். வேட்டி கறையாகும் என்றாள். தொண்டு நாரைச் சாம்பலில் தொட்டுத் தொட்டுப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி இரண்டு ரோலரையும் தேய்த்தாள். தண்ணீர் மொண்டு ஊற்றினாள். இரும்பு வெள்ளையாக வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வழவழப்பு ரோலரில் துணி வழுக்கியது. பிடிக்கவில்லை. வரி ரோலர் பிடித்துக்கொண்டது. மாமி திருகை இறுக்கி வேட்டியின் ஓரத்தைக் கொடுத்தாள். நான் சுற்றினேன். நறநறவென்று வேட்டி உள்ளே போனது. தண்ணீர் கொட்டியது. மறுபக்கம் தட்டையாக, குறுக்கு வரி விழுந்து, அப்பளம் மாதிரி வந்தது. மாமி சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

இன்னொரு துணி கொடுத்தாள். பாதி போயிருக்கும். உள்ளே உத்தரம் முனகியது.

மாமி கையை உயர்த்தினாள். நான் நிறுத்தினேன். மழைச் சத்தம் மட்டும். திரும்பவும் முனகியது.

"அக்கா." சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல். வெகுநாளாகப் பேசாத தொண்டை. "என்ன ஓட்டுதிய?"

"துணி."

"எனக்க மெஷின்லயா?"

"பின்ன ஆருக்க மெஷின்ல?"

நான் ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக் கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் சாய்ப்புச் சுவரைப் பார்த்திருந்தது. என்னைக் கண்டாலும் கயிற்றை விடவில்லை.

திரும்பி வந்தேன். மாமி பாதித் துணியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அப்பா எழும்பி இருக்கிறார் என்று சொன்னேன்.

"சுத்து," என்றாள்.

அடுத்த நாளும் துணி இருந்தது. அதற்கு அடுத்த நாளும். பிறகு துணி தீர்ந்தது. துவைக்க ஒன்றுமில்லாத ஒரு சாயங்காலம் மாமி பெட்டியைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த விரிப்பை எடுத்து வாளியில் முக்கினாள். அம்மா பார்த்தாள்.

"மைனி, அது தொவச்சு மடிச்சதுல்லா."

"மழைக்காலத்துத் துணி. வச்சிருந்தா பூத்துப் போவும்."

அப்படி ஞாயிற்றுக்கிழமை சேலை நனைந்தது. என் பாவாடை நனைந்தது. ஜன்னலில் தொங்கிய துண்டுத் துணிகூட நனைந்தது. எல்லாம் ரோலர் வழியாக வந்தது. மாமிக்குப் புத்தி மாறிப்போயிற்று என்று அம்மா பயந்தாள். வெளியில் சொல்லவில்லை. நான் சுற்றுவேன். உள்ளே உத்தரம் பதில் சொல்லும். அப்பா எழும்பி இருக்கும் நேரம் நீண்டது.

முதலில் துணியில் மஞ்சளாக ஒரு நிழல் விழுந்தது. பிறகு அது சிவந்தது. ஒரு நாள் அப்பாவின் நல்ல வேட்டி முழுக்கச் செங்கல் நிறத்தில் வரி வரியாக வெளியே வந்தது. உருளையைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த இரும்பு பழுத்த இலை மாதிரி ஆகியிருந்தது. வரியின் பள்ளத்தில் பொடியாக நின்றது. கையை வைத்தால் சொரசொரத்தது.

"மாமி, துரு," என்றேன்.

"கண்டேன்."

"எண்ணெய் போடட்டா?"

"எண்ணெய் போட்டா துணி வைக்க முடியாது."

"துணி வைக்காம இருந்தா?"

மாமி என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். குரல் எழும்பாமல் சொன்னாள்.

"அவன் இன்னும் நிக்கல்ல, மக்கா. இருக்கத்தான் செய்யுதான். நிக்கட்டு. இரும்புக்கு அவசரமில்ல."

அந்த வேட்டியைத் திரும்ப வாளியில் முக்கினாள். அதையே மறுபடியும் கொடுத்தாள். நான் சுற்றினேன்.

அப்பா முதலில் நின்றதை யாரும் பார்க்கவில்லை. காலையில் அம்மா கஞ்சியோடு போனபோது கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அம்மா கஞ்சியைச் சிந்தவில்லை. வைத்துவிட்டு வந்து சொன்னாள். மாமி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதினதை நிறுத்தவில்லை.

சில நாளில் அம்மாவுக்கு வலி வந்தது. பையன். அழுதான். நன்றாகவே அழுதான். மாமி அவனைத் தொட்டிலில் இட்டபிறகுதான் தொட்டில் கயிற்றைத் தொட எங்களை விட்டாள்.

மழை விட்டு வானம் வெளுத்தது. மலை தெரிந்தது. அப்பா கமுகுத் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். நேரே சாய்ப்புக்குப் போனார். ஓலைப்பாயைத் தூக்கினார்.

நான் அங்கே நின்றேன். அம்மாவும் பிள்ளையோடு வந்து நின்றாள். அப்பா வரி ரோலரின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இழுத்தார். விரலைப் பார்த்தார். பொடியைத் தேய்த்து மோந்து பார்த்தார். கைப்பிடியை மெல்லச் சுற்றினார். சுற்றியது. இறுகியிருக்கவில்லை. அந்த மழையெல்லாம் ஓடிய மெஷின் அல்லவா.

"சாரல் அடிச்சு எண்ணெயெல்லாம் போயிட்டு போல," என்றாள் அம்மா. மாமியைக் காப்பாற்றத்தான்.

மாமி அடுக்களை வாசலில் நின்றாள்.

"சாரல் இல்ல. நாந்தான். துணி காயல்ல," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு காலை நீட்டித் தரையில் இருந்தார். கனல் கொண்டுவரச் சொன்னார். செங்கல்பொடி கேட்டார். சாயங்காலம்வரை தேய்த்தார். சிவப்பு போயிற்று. குழி போகவில்லை. வரிகளின் நடுவே அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே குழி விழுந்துவிட்டது.

மாமி அந்த வாரமே கொட்டாரத்துக்குத் திரும்பினாள். போவதற்கு முன்னால் காரியஸ்தர் வந்தார். அப்பா நிற்பதைப் பார்த்தார். மரத்தை மாற்றும் பேச்சை எடுக்கவில்லை. ரோலரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"இரும்ப சலவைக்குப் போட்ட ஒரே வீடு இதுதான்," என்றார்.

"எனக்கு ரப்பரு தெரியுமா? நெல்லு தெரியும்," என்றாள் மாமி. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தக் கதை ஊரில் நின்றுவிட்டது. கொட்டாரத்துக்காரி வந்து நல்ல மெஷினைத் துணி பிழிந்து கெடுத்தாள் என்று. கல்யாண வீட்டில் சொல்வார்கள், மாமியை வைத்துக்கொண்டே சொல்வார்கள். அம்மாவும் கடைசிவரை அப்படித்தான் சொன்னாள், கோபமாக அல்ல. மாமி ஒருமுறைகூட மறுக்கவில்லை. அவள் துருவைக் கண்டபிறகும் துணி கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். அன்று எனக்கு அது மாமியின் பிடிவாதமாகத்தான் பட்டது. விளங்க வெகுகாலம் ஆயிற்று.

அப்பா பால்வெட்டுக்குப் போனார். கொஞ்சம் இழுத்து நடந்தார். முதலில் அடித்த ஷீட்டில் எல்லாம் தவிட்டு நிறப் புள்ளி. பிறகு புள்ளி நின்றது. ஆனால் வரி நடுவில் அறுந்து அறுந்து விழுந்தது. குலசேகரத்தில் ஷீட் எடுக்கிற கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். யார் கொண்டுவந்து போட்டாலும் இது உங்க வீட்டு ஷீட் என்று கண்டுபிடித்துவிடுவார். தரம் ஒரு படி இறக்கித்தான் போடுவார். லேத்தில் கொடுத்து ஒரு சீவல் சீவி, புதுசா வரி வெட்டினால் சரியாகிவிடும், செலவும் பெரிசில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் கூடப் போயிருந்த ஒரு நாளும் சொன்னார்.

"கெடக்கட்டு," என்றார் அப்பா.

கையில் காசு புரண்ட காலத்திலும் அதையே சொன்னார். வழவழப்பு ரோலரை மாற்றினார். வரி ரோலரை மாற்றவில்லை. மாமி அவரிடம் ஏதாவது சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை.

இப்போது பாலைக் கேனில் ஊற்றி வைத்தால் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. எங்கள் பக்கம் ஷீட் அடிக்கிறவர்கள் குறைவு. வரி ரோலர் என் வீட்டுச் சாய்ப்பில் நிற்கிறது. மழைக்கு முன்னால் கழுவுகிறேன், கனல் வைக்கிறேன், புன்னைக்காய் எண்ணெய் தடவுகிறேன். எண்ணெய் கடல்பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்து தருவார். சாயங்காலம் சுற்றுகிறேன். கை வலித்தால் நிறுத்துகிறேன்.

அந்த மழையில் பிறந்த தம்பிக்கும் வயசாயிற்று. போன மாதம் வந்திருந்தான். நான் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்கு அக்கா துணிய வச்சு சுத்துதிய?"

"வெறுசா சுத்தப்பிடாதுலே," என்றேன்.

உலர்ந்த துணிதான் வைக்கிறேன்.